தொழிற் பகுதி: சுவிட்சை இருமுறை சோதியுங்கள்

கோலார் தங்கவயலில் நம்மவர் பல தலைமுறைகளாகக் குடியேறி வாழ்ந்து வருவதை வாசகர்கள் அறிவார்கள். அங்கிருந்த தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயினும், 1964-இல் நிறுவப்பெற்ற பி.இ.எம்.எல். என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை அவ்வூரில் புல்டோசர்களையும் மண் அகழும் யந்திரங்களையும் செய்து வருகிறது. இத்தகைய யந்திரங்கள் சிங்ரௌலி போன்ற நிலக்கரி வயல்களில் இரவு பகலாக உழைக்கின்றன. அவற்றின் மின்பழுதைப் பார்க்கும் தொழிலில் நம் இல்லத்துப் பிள்ளைகளும் ஈடுபட்டிருப்பதால், இம்மாதம் சுவிட்சைச் சோதிக்கும் முறையை ஆராய்வோம்.

யந்திரம் நூறு டன் சுமப்பதாயினும், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சுவிட்சு கெட்டால் அசையாது நின்றுவிடும். அந்த அவசரத்தில் இரண்டு தவறுகள் நிகழ்வதுண்டு. ஒன்று, அளந்து பாராமலே புதிய சுவிட்சை மாட்டுதல். மற்றொன்று, பழைய சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வேலையை நடத்துதல். முன்னது பொருளை வீணாக்கும். பின்னது உயிரையே வாங்கக்கூடும். இரண்டையும் தவிர்க்க வல்லது மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி.

சோதனைக்கு முன் யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, வாளியையோ அலகையோ தரையில் இறக்கி, சக்கரங்களுக்கு அணை கொடுக்க வேண்டும். கைமோதிரத்தையும் கழற்றிவிடுக. இங்குக் கூறுவது 24 வோல்ட் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் மின்சார ஷவல்களை அதற்கென உரிமம் பெற்றவரன்றிப் பிறர் தீண்டலாகாது.

முதற் சோதனை மின்னோட்டம் இல்லாத நிலையில் செய்வது. பாட்டரியின் தலைமைச் சுவிட்சை அணைத்து, சோதிக்க வேண்டிய சுவிட்சின் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளவில் மீட்டரை வைத்தால் அளவு பொய்யாகும், மீட்டரும் கெடலாம். பின்னர் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, கம்பிகளின் சொந்த மின்தடையைக் குறித்துக்கொள்க. இப்போது சுவிட்சின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தால், மூடிய நிலையில் ஏறத்தாழ அதே அளவு காட்ட வேண்டும். திறந்த நிலையில் அளவு கடந்ததற்கு அடையாளமாக ‘ஓ.எல்.’ என்று காட்ட வேண்டும். மின்சார வழக்கில் ‘மூடியது’ என்றால் மின்சாரம் செல்லும், ‘திறந்தது’ என்றால் செல்லாது. கதவின் வழக்குக்கு இது நேர் மாறு. சில சுவிட்சுகள் இயல்பாகவே மூடியிருக்கும். எண்ணெய் அழுத்தச் சுவிட்சு பல யந்திரங்களில் இவ்வகையினது. எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறிய பின்னரே அது திறந்து, எச்சரிக்கை விளக்கை அணைக்கும். ஆகவே சுவிட்சின் இயல்பை அறியாமல் அதைக் குறை கூறலாகாது.

நிற்க. இத்துடன் சோதனை முடிந்தது என்று கருதுவதே பெரும்பிழை. ஓம் அளவில் மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். கருகிய தொடுமுனைகூட அச்சிறு ஓட்டத்துக்கு வழிவிட்டு நல்லதுபோல் நடிக்கும். சுமை ஏறும்போதுதான் அதன் உண்மை வெளிப்படும்.

ஆதலால் இரண்டாம் சோதனை வேண்டும். கம்பிகளை மீண்டும் பூட்டி, பாட்டரியை இணைத்து, மீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைக்க. கறுப்பு முனையை யந்திரத்தின் இரும்புச் சட்டத்திலும், சிவப்பு முனையைச் சுவிட்சுக்கு மின்சாரம் வரும் முனையிலும் வைத்தால் 24 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். காட்டாவிடில் குற்றம் சுவிட்சினுடையதன்று. பியூஸையும் கம்பியையும் பார்க்க. பின்பு சுவிட்சைப் போட்டு, விளக்கு எரியும்போதே சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே அளக்க. 0.2 வோல்ட்டுக்கு உட்பட்டால் பொதுவாகச் சுவிட்சு நல்லது. 24 வோல்ட் முழுதும் அங்கேயே நின்றால் தொடுமுனை சேரவில்லை. இரு முனைகளிலும் 24 வோல்ட் இருந்தும் விளக்கு எரியாவிடில், பழுது சுவிட்சுக்கு அப்பால் உள்ளது.

ஒரு கணக்கைக் காண்போம். 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் விளக்குத் தொகுதியின் மின்தடை 2.4 ஓம். சுவிட்சில் 1 ஓம் தடை சேர்ந்தால் ஓட்டம் ஏறத்தாழ 7 ஆம்பியராகக் குறையும். சுவிட்சிலேயே 7 வோல்ட் வீழ்ந்து, விளக்குக்கு 17 வோல்ட்டே கிட்டும். அந்தச் சிறு தொடுமுனையில் சுமார் 50 வாட் வெப்பம் பிறக்கும். பிளாஸ்டிக் உருகுவதற்கு அது போதும். முதற் சோதனையிலோ அந்த 1 ஓம் ஒரு பொருட்டாகவே தோன்றியிராது.

இறுதியாக நியூட்ரல் சுவிட்சைப் பற்றி ஒரு சொல். கியர் நடுநிலையில் இருந்தாலன்றி எஞ்சினைக் கிளப்பவிடாமல் தடுப்பது அது. அது பழுதுற்றபோது கம்பியால் இணைத்துவிட்டால் எஞ்சின் கிளம்பும். கியர் விழுந்திருந்தால் யந்திரமும் உடனே நகரும். முன்னாலோ சக்கரத்தருகிலோ நிற்பவர் விலக நேரம் இராது. இணைத்தவர் பணிநேரம் முடிந்து வீடு சென்றிருப்பார். அடுத்து வருபவர் அந்தக் கம்பியை அறியார். மாற்றுச் சுவிட்சு வரும்வரை யந்திரம் நிற்கட்டும். அளந்த அளவுகளைப் பணிக்குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ‘ஏன் நிறுத்தினாய்?’ என்று கேட்பவருக்கு அதுவே விடையாகும்.

வேலைக்குச் செல்லும் பிள்ளைகளிடம் இல்லத்துப் பெரியோர் இதனைப் படித்துக் காட்டுவார்களாக. அடுத்த இதழில் ரிலேயைச் சோதிக்கும் முறையைக் காண்போம்.