ஒரு மாதத் தவணை

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கு,

ஐயா,

இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்னும் ஏதுக்களுள் எதனை முன்னிட்டும் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று நம் அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரை 1978 முதல் விதித்து நிற்கின்றது. அவ்வாசகத்தின் மேன்மையில் எனக்கு ஐயமில்லை. திருக்கோணமலைத் துறைமுகக் கரையில் வாழும் ஒருவன் அதன் நிழலைச் சென்றடையும் வழியைப் பற்றியே இம்மடலை வரைகின்றேன்.

சென்ற ஆண்டு, அயலவர்க்கெல்லாம் கிடைத்த ஓர் அனுமதியை எனக்கு மட்டும் மறுத்து, ஓர் அரச அலுவலகம் கடிதம் அனுப்பியது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என்று 22-ஆம் உறுப்புரை கூறியிருக்க, அக்கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. படித்துச் சொல்வாரைத் தேடி, பொருளறிந்து, நண்பர் ஒருவர் சொற்படி சட்டத்தரணியிடம் போய்ச் சேர்ந்தபோது, அவர் முதலில் நோக்கியது கடிதத்தின் திகதியைத்தான். அடிப்படை உரிமை மனுவுக்கு 126-ஆம் உறுப்புரை தரும் ஒரு மாதத் தவணை கடந்துவிட்டிருந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அம்மாதத்துள் முறையிட்டிருந்தால், 1996-ஆம் ஆண்டின் சட்டப்படி விசாரணைக் காலம் தவணையிற் சேராது என்றும் அவர் சொன்னார். அந்த நிவாரணத்தை அறிவதற்கும் அதே மாதந்தானே வேண்டும்?

கோடீஸ்வரனை நினைக்கின்றேன். சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அந்த அரச எழுதுவினைஞர், பாரபட்சமான சட்டங்களைத் தடுத்த அன்றைய யாப்பின் 29-ஆம் பிரிவைப் பற்றி நின்று, மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்து, 1964-இல் வெற்றியும் பெற்றார். அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்கிட முடியாதென்று உயர் நீதிமன்றம் அதனைத் தள்ள, 1969-இல் கோமறைக் கழகம் அவ்வாதத்தை நிராகரித்து, அம்மறுப்புக்கு அடிப்படையான மொழிச் சட்டம் செல்லுமா என்னும் மூல வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியது. அவ்வினா தீர்க்கப்படாதிருக்கையிலேயே 1972-ஆம் ஆண்டு யாப்பு 29-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. இத்தனை ஆண்டுகள் அலைந்த அம்மனிதருக்கும் தொடங்குவதற்கு ஒரு மாவட்ட நீதிமன்றம் இருந்தது. எனக்கோ கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றமன்றி வேறு வாசல் இல்லை.

கடலுக்கு அப்பால், இராமேசுவரத்து மீனவர் தம் அடிப்படை உரிமைக்காக, இந்திய அரசியல் சாசனத்தின் 226-ஆம் உறுப்பின்கீழ், சென்னை உயர் நீதிமன்றத்தின், 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளையில் மனுச் செய்கின்றார். நம் திருக்கோணமலையிலும் மாகாண மேல் நீதிமன்றம் உண்டு. அதற்கும் அடிப்படை உரிமை மனுக்களை விசாரிக்கும் அதிகாரத்தை வழங்கி, தவணையை ஆறு மாதமாக்கி, பாதிக்கப்பட்டவருக்கு அவர் மொழியில் காரணம் கிடைத்த நாளிலிருந்து அதனைக் கணக்கிடுமாறு திருத்தம் கொணர வேண்டுகின்றேன். பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு வாக்கு வேண்டும் என்பதை அறிவேன். எந்தச் சமூகத்தவரும் இதனால் எதையும் இழப்பதில்லை. சிங்களம் மட்டுமே அறிந்து, தமிழில் வந்த கடிதத்தோடு அதே அலுவலக வாசலில் நிற்பவருக்கும் இதே நியாயம் உரியது.

எனக்கு வந்த கடிதத்தின் பிரதியை இணைத்திருக்கின்றேன். அதன் தமிழ்ப் பிரதியை எழுத்தில் கேட்டிருந்தேன், இன்றுவரை வரவில்லை.

இங்ஙனம்,
துறைமுகக் கரையில் வாழும் ஒரு பிரஜை,
திருக்கோணமலை.