வட்டம் பெரிசா இருந்தா மருந்தாயிடுமா?

மைக்ரோபயாலஜி படிக்கும் நண்பனின் ப்ராஜெக்ட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பெட்ரித் தட்டு முழுக்க பாக்டீரியா மங்கலாகப் படர்ந்திருக்க, வேப்பிலைச் சாறு தோய்த்த காகித வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம். "பார்த்தியாடா, வேம்பு ஸ்டெஃபிலோகாக்கஸை ஒழிச்சிருச்சு!" என்றான்.

காமர்ஸ்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். மொத்த விற்பனையைப் பார்த்து லாபம் என்று நினைக்காதே என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

அந்த வட்டமும் மொத்த விற்பனை மாதிரிதான். சாறு அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அதில் சேர்ந்தே வருகிறது. தண்ணீரில் கரையாத பொருள் எவ்வளவு வீரியமானாலும் சின்ன வட்டம்தான் போடும். இலையை எத்தனாலில் ஊறவைத்திருந்தால், எத்தனாலே கிருமியைக் கொல்லும். வெறும் எத்தனால் தோய்த்த வில்லையும் பக்கத்தில் இருக்க வேண்டாமா? (இருந்தது. அந்த வரைக்கும் பயல் தேறிவிட்டான்.)

கிருமி வளர்வதை நிறுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு சாறு வேண்டும் என்பதுதான் உருப்படியான கணக்கு. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் சாறுகளைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று 2005-லேயே இந்தத் துறை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அப்படியானால் 5 கிராம் காய்ந்த சாறு முழுசாக ரத்தத்தில் மிதக்க வேண்டும். மஞ்சளில் இருக்கும் குர்குமினே குடலைத் தாண்ட முக்குகிறது!

அதற்காக மூலிகையெல்லாம் டூப் என்கிற கோஷ்டியிலும் நான் இல்லை. பெர்பெரிஸ் என்கிற முள்செடி இனத்தில் பெர்பெரின் என்று ஒரு பொருள். அது தனியாகப் போனால், ஸ்டெஃபிலோகாக்கஸ் உடனே பம்ப் செய்து வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளையும் அதே செடி தயாரிக்கிறது என்று 2000-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள்! வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு எழுந்து போயிருந்தால் இது தெரிந்திருக்குமா?

நண்பனின் ரிப்போர்ட்டில் கடைசி வரி, "ஆன்டிபயாடிக்குகளுக்குச் சிறந்த மாற்று". எனக்குக் கோபமே அதில்தான். கால் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை அரைத்துக் கட்டிக்கொண்ட சர்க்கரை நோயாளி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வரியை எடுத்துடுடா என்றேன். எக்ஸ்டெர்னலுக்கு வருபவர் முதலில் படிப்பதே அதைத்தான் என்கிறான்.