'ஈ தென்கி' மட்டும் போதுமா?

"ஈ தென்கி தேசு நே" (நல்ல வானிலை, இல்லையா) என்று சொல்லத் தெரிந்தால் போதும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கு இப்படி ஓர் உபதேசம் அடிக்கடி கிடைக்கிறது. இலக்கணமும் கான்ஜி எழுத்தும்தான் பாடமாம். வானிலைப் பேச்சு வெறும் முகமனாம். சுத்த அபத்தம்!

குளிரையே எடுத்துக்கொள்வோம். காற்று குளிர்ந்தால் 'சாமுய்'. தொட்டால் ஜில்லென்று இருக்கும் தண்ணீர் 'ட்சுமெதாய்'. இரண்டுக்கும் 'கோல்ட்' என்று எழுதி மனப்பாடம் செய்தவர் கடையில் 'சாமுய்' தண்ணீர் கேட்டு விழிப்பார். குளிர் வேறு, ஜில் வேறு என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசும் தமிழருக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போக என்ன தலையெழுத்து? 'முஷியாட்சுய்'க்கு 'ஹாட் அண்ட் ஹ்யூமிட்' என்று நீட்டி முழக்குகிறார்கள். 'புழுக்கம்' என்றால் முடிந்தது விஷயம்.

இன்னொரு கோஷ்டி, ஜப்பானியரிடம் மழைக்கு நூற்றுக்கணக்கில் பெயர்கள் உண்டு என்று புல்லரிப்பது. ரசிக்கட்டும், தப்பில்லை. ஆனால் குடை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு அந்தப் பட்டியல் உதவாது. அதற்கு முன்னறிவிப்பில் வரும் இரண்டு சொற்கள் தெரிய வேண்டும். 'இச்சிஜி அமே' என்றால் மழை விடாமல் பெய்யும், ஆனால் அறிவிப்புக் காலத்தில் கால் பங்குக்கும் குறைவாக. 'தோகிதோகி அமே' என்றால் விட்டு விட்டுப் பெய்யும், மொத்தம் பாதிக்கும் குறைவாக. எந்த முகமனில் இத்தனை கணக்கு இருக்கிறது?

ஜப்பான் வானிலை முகமை மழையின் வேகத்தையும் இப்படித்தான் அளந்து பெயரிடுகிறது. மணிக்கு 30 முதல் 50 மி.மீ. வரை 'ஹகேஷீ அமே', வாளியைக் கவிழ்த்த மாதிரி. 80 மி.மீ.யும் அதற்கு மேலும் 'மோரெட்சுனா அமே', மூச்சு முட்டி பயம் வரும் அளவுக்கு. இரண்டுக்கும் 'கனமழை' என்றே நோட்டில் எழுதி வைத்திருப்பவர், டிவியில் அந்த இரண்டாவது சொல் வரும்போது என்ன செய்வார்? ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கப் போவார்.

2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெய்த மழையில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளமும் மண்சரிவும் அங்கே வருடா வருடம் வருகிற விருந்தாளிகள். படிக்கவும் வேலைக்கும் அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு இலக்கணப் பிழை வந்தால் மதிப்பெண்தான் குறையும். மழையின் பெயர் புரியாவிட்டால் போவது மதிப்பெண் மட்டுமல்ல. இதை முதல் வருடமே சொல்லிக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?