மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்!

கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்துவிட்டால் வியாதி அத்தோடு ஒழிந்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது எவ்வளவு தப்பு என்று என் அண்ணன் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற சகோதரிகளுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

அண்ணனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. ஹெபடைடிஸ் பி கிருமியால் ஈரல் கெட்டுப்போய், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒரு புண்ணியவானின் ஈரல். இரண்டு வருஷம் நன்றாக இருந்தார். பிறகு, "அதான் உடம்பு தேறிடுச்சே, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று ஆரம்பித்தார். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தாலே போதும் என்று சொல்லிவிட்டுப் போக, கிருமிக்கான மாத்திரையை சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். லீவு போட்டால் கூலி போகும் என்று ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை.

ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது, பிரிக்காத அட்டைகளைப் பார்த்துவிட்டு அண்ணி அழுதுகொண்டே எனக்கு போன் செய்தார். மறுநாளே ரயிலேறி ஓடினோம். ரத்தத்தில் கிருமி மறுபடி தலைகாட்டியிருந்தது. நல்லவேளை, ஈரல் கெடுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அன்று டாக்டரம்மா சொன்னது இதுதான். பழைய ஈரலை எடுத்துவிட்டாலும் கிருமி உடம்பில் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். புது ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையும் தருகிறார்கள். காவல் குறைந்த வீட்டில் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? அதனால்தான் என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரையை தினமும், ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். இதெல்லாம் இல்லாத காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு புது ஈரலிலும் நோய் திரும்பி வந்ததாம். இப்போது ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் நூற்றில் பத்துப் பேருக்குக்கூட வருவதில்லையாம்.

கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பர்க்கோடு சேர்ந்து, அதற்குப் பலன் இருப்பதாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஆனால் பிற்பாடு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதிலும், அது ஈரல் மாற்றியவர்களுக்குச் செய்த ஆய்வே அல்ல. யார் எந்தப் பச்சிலை சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால், "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று ஆம்பளைகளுக்குக் கோபம் வரும். வரட்டுமே! காலி அட்டையை எண்ணிப் பார்ப்பது நம் வேலை. இப்போது அண்ணி காலண்டரில் தினமும் டிக் அடிக்கிறார். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுகிறார். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டு, முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். சேர்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது. அண்ணனுக்குத் தனித் தட்டு வைத்து மனசை நோகடிக்க வேண்டாம். சவர பிளேடும் பல் பிரஷ்ஷும் தனியாக இருந்தால் போதும்.

2018-ல் வந்த தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி-க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து இலவசம்தான், ஆனால் அதற்காகப் போகிற நாளின் கூலி போகிறதே! சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு, அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு கொடுத்தால் கம்பெனிகள் என்ன குறைந்தா போகும்? அடுத்தவர் வீட்டு துக்கத்தில் கிடைத்த ஈரலை ஒரு நாள் கூலிக்காகப் பறிகொடுக்கலாமா?

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி