தொட்ட கையும் தொடாத கையும்

தொழுநோயாளனை இயேசு ஒரு சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம். நூற்றுவர் தலைவனின் பணியாளனை வீட்டு வாயிலையும் மிதிக்காமல் அப்படித்தானே குணமாக்கினார்? ஆயினும், மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அவர் கையை நீட்டித் தொடுகிறார். தொழுநோயாளன் ஊருக்குப் புறம்பே வாழவேண்டும் என்பது மோசேயின் சட்டம். அவனைத் தொடுபவனுக்கும் தீட்டு. கதை முடியும்போது நோயாளன் ஊருக்குள் சுற்றுகிறான். கூட்டம் மிகுந்ததால் இயேசுவோ ஊருக்கு வெளியே தங்குகிறார். இடம் மாறிவிட்டது, பார்த்தீர்களா!

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளர் விரல்களை அறுவை மருத்துவத்தால் மீட்டவர். ஒருநாள் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துப் பேசினாராம். அவன் தேம்பி அழுதான். காரணம் கேட்டபோது, பல ஆண்டுகளாகத் தன்னை எவரும் தொட்டதில்லை என்றான். மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே அந்தக் கை வேலை செய்துவிட்டது.

இவையெல்லாம் நாம் மேடையில் பன்முறை கேட்டவை. நான் கூறவந்தது அந்தமானைப் பற்றி.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க இளைஞர், இயேசுவை அறிவிக்க வடக்குச் சென்டினல் தீவில் சட்டத்தை மீறி இறங்கி, அம்பு பட்டு மாண்டார். விடுதியில் ஒரு நண்பர் அவரைப் பிராண்டோடு ஒப்பிட்டார். "இருவரும் அஞ்சாமல் கைநீட்டியவர்கள்தாமே?" என்றார்.

ஒப்புமை பொருந்தாது. வேலூரில் ஆபத்து ஏதும் இருந்ததென்றால் அது தொட்டவருக்கு. சென்டினலில் ஆபத்து தொடப்படுபவருக்கு! 1858இல் ஆங்கிலேயர் குடியேற்றம் நிறுவியபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரவர் இருந்தனர். 1877இல் தட்டம்மை பரவிற்று. பிற நோய்களும் தொடர்ந்தன. 1901இல் எஞ்சியோர் 625, 1961இல் 19. சென்டினலிலேயே 1880இல் போர்ட்மன் என்ற அதிகாரி ஒரு முதிய இணையரையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேயருக்குக் கொண்டுசென்றார். முதியோர் இருவரும் நோயுற்று இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களோடு வேறென்ன சென்றதோ, யார் அறிவார்?

சாவ் தடுப்பூசி போட்டுக்கொண்டு, சில நாள் தனித்திருந்தே புறப்பட்டார் என்கிறார்கள். அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால், உடல்நலத்தோடு நடமாடுபவனும் நோயைச் சுமக்கலாம் என்பதை மருத்துவ மாணவர் எவரும் சொல்வர்.

அப்படியானால் நிக்கோபாருக்கு எவரும் போயிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். சோழர் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிக்கும் அத்தீவினர், கப்பல் வணிகரோடு நூற்றாண்டுகளாகப் பழகியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் என்ற தமிழர் கார் நிக்கோபாரில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் பேராயரானார். 1952இல் முதல் மக்களவைக்கும் நியமிக்கப்பட்டார். அங்கே கதவு திறந்திருந்தது.

ஜாரவா மக்களின் கதை இரண்டுக்கும் இடைப்பட்டது. 1996இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவனைப் போர்ட் பிளேயர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் பேணிக் குணமாக்கினர். அவனைத் தொட்டது சரியே, வேறென்ன செய்வது? அதன்பின் அவன் மக்கள் காட்டை விட்டு வெளியே வந்து பழகத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. நல்ல கைகளும் இருந்தன, மருத்துவரும் இருந்தனர். அப்படியிருந்தும் இது நேர்ந்தது.

சாவின் உடலைத் தேடிச் சென்ற காவலர், கரையில் வில்லோடு நின்றவர்களைப் படகிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினர். கிறித்தவ அடக்கம் அவருக்குக் கிடைக்கவில்லையே எனச் சிலர் வருந்தினர். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் படகைத் திருப்பியவர்களை நான் குறைகூற மாட்டேன்.