வேற்றுலகில் உயிருண்டோ?

பூமிக்கு அப்பால் ஜீவராசிகள் உண்டா என்ற கேள்வி, வேலையற்ற வேளையில் பேசுவதற்குரிய வினோத விஷயமென்று பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இது சம்பந்தமாக வெளிவந்த ஒரு செய்தி, சில நாட்களுக்குள் வேற்றுலகில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதென்ற முழக்கமாகவே மாறிற்று. ஆராய்ச்சியாளர் சொன்னது வேறு. ஜனங்களின் காதில் விழுந்தது வேறு. தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் ஒரு ஜன சமூகத்துக்குச் சாட்சியத்தை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு அவசியமென்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் இவ்வழக்கையும் அந்த முறையிலேயே விசாரிப்போம்.

சிம்ம ராசியின் திசையில், ஒளியே வந்துசேர 124 ஆண்டுகள் பிடிக்கும் தொலைவில், கே2-18பி என்னும் கிரகம் இருக்கிறது. அதன் நிறை பூமியைப்போல் ஏறக்குறைய 8.6 மடங்கு, விட்டம் 2.6 மடங்கு. ஒரு சிறிய செந்நட்சத்திரத்தை 33 நாட்களில் அது சுற்றிவருகிறது. காசி ஹிந்து சர்வகலாசாலையில் தொழிற்கல்வி பயின்று, இப்போது கேம்பிரிட்ஜில் ஆசிரியராக விளங்கும் நம் நாட்டவரான ஸ்ரீ நிக்கு மதுசூதன், தம் குழுவினருடன் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மூலம் இக்கிரகத்தை ஆராய்ந்தார். அதன் காற்றில் மீதேனும் கரியமில வாயுவும் இருப்பதை 2023-இல் அறிவித்தார். 2025-இல், கந்தகம் கலந்த டைமீதைல் சல்பைடு அல்லது அதன் இனமான மற்றொரு வாயுவின் அறிகுறி தென்படுவதாக வெளியிட்டார். நமது பூமியில் இவ்வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவன கடலில் வாழும் நுண்ணுயிர்கள். பரபரப்புக்கு இதுவே காரணம்.

அவ்வளவு தொலைவிலுள்ள காற்றில் இன்னது கலந்திருக்கிறதென்று எப்படிச் சொல்லக்கூடும் என்று சிலர் ஐயுறலாம். விருதுநகர் ஜில்லாவின் தென்பகுதியிலுள்ள ஏழாயிரம்பண்ணையில் இந்த ஐயம் எழ நியாயமில்லை. ஸ்ட்ரான்ஷியம் உப்பு எரிந்தால் சிவப்பு. பேரியம் உப்பு எரிந்தால் பச்சை. பேரியத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்யும்வரையில் மத்தாப்புக்குப் பச்சை நிறமளித்து வந்தது அதுவே. ஒவ்வொரு பொருளும் எரியும்போது தனக்குரிய நிறத்தைக் காட்டுவது போலவே, வாயு நிலையில் தனக்குரிய ஒளிக்கதிர்களை விழுங்கவும் செய்கிறது. கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே செல்லுகையில், அதன் காற்றினூடே வடிந்துவரும் ஒளியில் எந்தக் கதிர்கள் குறைந்திருக்கின்றன என்று பார்த்தால் விழுங்கிய வாயு இன்னதென்று விளங்கும்.

இந்த முறை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1868-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு நிபுணர் ஜான்சனும், மசூலிப்பட்டணத்தில் சென்னை நட்சத்திர பங்களாவின் போக்ஸனும் ஆராய்ந்தனர். அப்போது கண்ட மஞ்சள் ஒளிக்கோடு ஹீலியம் என்ற புதிய பொருளுக்குரியதென்று பின்னர் முடிவாயிற்று. அப்பொருள் பூமியில் அகப்பட்டது 27 வருஷங்கள் கழித்து, 1895-இல். ஒளி நம்பத்தகுந்த சாட்சி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சாட்சி உண்மையானவன் என்பது ஒன்று. அவன் சொன்னதைப் பிழையின்றிக் கேட்டோமா என்பது வேறொன்று. இத்தகைய அறிகுறி தற்செயலாகவே தோன்றுவதற்கு ஆயிரத்தில் மூன்று பங்கு இடமுண்டென்பது அக்குழுவினரின் சொந்தக் கணக்கு. விஞ்ஞானிகள் கேட்கும் அளவோ பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே பதிவுகளை மறுபடி கணக்கிட்ட வேறு நிபுணர்கள், குறிப்பிட்ட வாயுவைத் திட்டமாகப் பிரித்தறிய முடியாதென்கின்றனர். மேலும், உயிரில்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் இவ்வாயு இருந்ததென்று 2024-இல் வெளியாயிற்று. இன்னும் அதிக நேரம் ஆராய்தல் வேண்டுமென்று ஸ்ரீ மதுசூதன் தாமே சொல்லியிருக்கிறார். ஆகவே, வழக்கு தள்ளுபடியாகவில்லை, நிரூபணமும் ஆகவில்லை.

"உண்டு" என்று அவசரப்படுவோரைப் போலவே "இல்லை" என்று அவசரப்படுவோரும் உளர். 1976-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய இரண்டு வைகிங் விண்கலங்கள் அங்குள்ள மண்ணைச் சூடேற்றிச் சோதித்தன. உயிர்ப்பொருளுக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் அங்கே இல்லையென்று முடிவு கட்டப்பட்டது. தென்பட்ட குளோரின் கலந்த சிறிது வாயுவும், கருவிகளைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சமென்று ஒதுக்கப்பட்டது. 32 வருஷங்களுக்குப் பின், 2008-இல், பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டது. அந்த உப்பைச் சூடேற்றினால் பிராணவாயு வெளிப்பட்டு, அருகிலுள்ள கரிமப் பொருளை எரித்துவிடும்! தேடிய பொருளைத் தேடிய முறையே அழித்திருக்கக்கூடும் என்பது அப்போதுதான் புலப்பட்டது. சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையான செவ்வாய்ப் பாறையில் கரிமச் சேர்மங்கள் இருப்பது 2018-இல் உறுதியாயிற்று. அவை உயிரிலிருந்து வந்தவையா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

பெர்குளோரேட்டுக்கு நெருங்கிய உறவான குளோரேட் உப்புதான் தீக்குச்சியின் தலை மருந்திலுள்ளது. அது கந்தகத்துடன் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை இவ்வட்டாரத்தார் நன்கறிவர். அக்கலவை கொண்ட வெடிகளை இந்திய அரசாங்கம் 1992-இல் தடை செய்தது அதனாலேயே. செவ்வாய் ஆராய்ச்சியை முப்பது வருஷங்களுக்கு மேல் மயக்கிய உண்மையும், மருந்துக் கலவை அறையில் மனிதரின் உயிரைக் குடிக்கும் உண்மையும் ஒன்றே. 2021-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் இருபது பேருக்குக் குறையாமல் மாண்டனர். விபத்துதோறும் "உராய்வு" என்ற ஒரு சொல்லைக் கேட்டு நாம் பழகிவிட்டோம். உராய்வு ஏன் தீயாகிறது, எந்த மருந்து எதனோடு சேரலாகாது என்னும் இரசாயன ஞானத்தை, அதைக் கையால் அளந்து கலக்கும் தொழிலாளிக்கு அவன் பாஷையில் யார் முறையாகப் போதித்தார்கள்?

வான சாஸ்திரத்துக்குச் செலவிடாமல் ஏழைகளுக்குச் செலவிடுக என்று சொல்வோர் கட்சியில் நாம் சேரவில்லை. இரண்டுக்கும் வேண்டுவது ஒரே கல்வி என்பதே நமது கட்சி. சென்னை நட்சத்திர பங்களாவில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1874-இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்த நிகழ்ச்சியை ஜனங்கள் அறியும்பொருட்டு இந்திய பாஷைகளில் சிறு நூல் எழுதினார். அன்னிய ஆட்சியில் ஒரு தனி மனிதர் செய்ததை, சுதந்திர நாட்டில் சர்க்கார் செய்யலாகாதா? வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலுள்ள ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒளியைப் பிரித்துக் காட்டும் முப்பட்டைக் கண்ணாடியும், ஒரு சிறு தொலைநோக்கியும், மருந்துகளின் குணத்தைக் கூறும் தமிழ் நூலும் இருத்தல் வேண்டும். ஆலை முதலாளிகளும் தங்கள் பங்கைச் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். தேசபக்தர்கள் இக்கோரிக்கையை ஊர்க் கூட்டங்களில் எழுப்புவார்களாக.

வேற்றுலகில் உயிருண்டோ இல்லையோ, அதைக் காலம் தீர்மானிக்கும். ஏழாயிரம்பண்ணையில் உயிருண்டென்பதற்குச் சாட்சியம் வேண்டியதில்லை. அதைக் காக்க வேண்டியதே நமது பொறுப்பு.