சி டிரைவில் கிடக்கும் பழைய விண்டோஸ்

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வெள்ளிமலையிலிருந்தும் கல்வராயன் மலையின் மற்ற ஊர்களிலிருந்தும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும் பிள்ளைகள் சமீப காலமாக ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "அண்ணே, சி டிரைவ் சிவப்பாயிடுச்சு, எதுவும் சேவ் ஆகல."

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டிப் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறும்போது பழைய விண்டோஸ் அழிவதில்லை, 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. புதியது பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம் என்பதற்கான ஏற்பாடு அது. கெடு முடிந்ததும் தானாகவே நீங்க வேண்டும். சில மெஷின்களில் நீங்காமல் தங்கிவிடுகிறது. பத்து, இருபது ஜிபி அதிலேயே போய்விடும். விலை குறைந்த லேப்டாப்பில் மொத்த இடமே 64 அல்லது 128 ஜிபிதான்.

ஷிப்ட் டெலீட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று வரும். உடனே யூடியூபைப் பார்த்து ஃபோல்டரின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றி அழிக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் புகுந்து 'இன்ஸ்டாலர்', 'வின்எஸ்எக்ஸ்எஸ்' இரண்டிலும் கை வைக்கிறார்கள். அவை மிச்சம் மீதி அல்ல. இன்ஸ்டாலரில் உள்ளவை போய்விட்டால் பல மென்பொருள்களை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது.

2025 ஏப்ரல் அப்டேட்டோடு 'ஐநெட்பப்' என்ற காலி ஃபோல்டர் ஒன்று முளைத்தது. எதற்கென்று தெரியாமல் பலர் அழித்தார்கள். பாதுகாப்புக்காக வைத்தது, அழிக்க வேண்டாம் என்று நிறுவனம் பிறகுதான் விளக்கியது. என்னைக் கேட்டால், ஊரார் வீட்டு மெஷினில் ஒன்றை வைப்பவர்கள் வைக்கும்போதே காரணம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தமிழிலும் சொல்ல வேண்டும்.

பழைய விண்டோஸை நீக்க நேர்வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். அங்கே 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை டிக் செய்து ரிமூவ் கொடுத்தால் போதும். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்தால் நீங்கள் இறக்கி வைத்திருக்கும் ஃபைல்களெல்லாம் போய்விடும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை வேறு. ஃபார்மட் செய்யாமல் அதே டிரைவில் புது விண்டோஸ் போட்டால், பழைய போட்டோ, டாக்குமென்ட் எல்லாமே விண்டோஸ்.ஓல்டுக்குள் உள்ள 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குப் போய்விடும். மலையிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் எங்கோ ஒரு கடையில் "எல்லாம் போச்சும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அவருடைய லேப்டாப்பில் அந்த யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அவர் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சாதிச் சான்றிதழின் ஸ்கேன், அப்பாவின் போட்டோ எல்லாம் அப்படியே இருந்தன. இடம் வேண்டும் என்று யாராவது அதை முதலில் துடைத்திருந்தால் மீட்பது பெரும்பாடாகியிருக்கும். டவர் நிலையாகக் கிடைக்காத ஊர்களில் கூகுள் டிரைவில் ஏற்றிவைப்பது நடக்கிற காரியமில்லை. பலருக்கு அந்த மெஷினில் இருப்பதுதான் ஒரே பிரதி.

சர்வீஸ் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு: வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டி, வேண்டியதைப் பென் டிரைவில் எடுத்த பிறகு துடையுங்கள். மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் அரசு, இந்த விவரங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைக்கட்டும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. "ஃபார்மட் பண்ணிரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டால், பழைய ஃபைல்களைக் கண்ணால் பார்க்கும்வரை சரி என்று சொல்லாதீர்கள்.